மாட்டுக்குக் காதுவில்லை இருக்கிறது, மெஷினுக்கு?

தமிழ்நாட்டில் இன்று பெரும்பாலான மாடுகளின் காதில் ஒரு மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதில் 12 இலக்க எண். 2019 செப்டம்பரில் தேசிய கால்நடை நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, கோமாரித் தடுப்பூசியோடு சேர்ந்து இந்த வில்லையும் ஊர் ஊராகப் போனது. எண்ணைத் தட்டினால் மாடு யாருடையது, என்ன இனம், கடைசியாக எப்போது தடுப்பூசி, எப்போது சினை ஊசி என்று அதன் வரலாறே வந்து நிற்க வேண்டும். இதற்கு முதலில் 'இனாஃப்' என்று ஒரு மென்பொருள் இருந்தது. 2023 முதல் 'பாரத் பசுதன்'. மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்றால் கூப்பிட 1962 என்று ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கிறது.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த மாட்டுக்குப் புல் நறுக்கும் மெஷினுக்கு என்ன எண்? அது நின்றுபோனால் யாரைக் கூப்பிடுவது? பால் கறக்கும் மெஷின், தண்ணீர் மோட்டார், ஜெனரேட்டர், பால் குளிர்விக்கும் தொட்டி, ஆட்டுப் பரண்... இவற்றின் வரலாறு எங்கே எழுதப்படுகிறது?

அரசு அலுவலகங்களில் 'டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர்' என்று ஒரு பெரிய நோட்டு உண்டு. மேசை, நாற்காலி, பீரோ, மெஷின் எல்லாம் அதில் ஏறும். ஆடு மாடு 'லைவ் ஸ்டாக்', மற்றதெல்லாம் 'டெட் ஸ்டாக்'! வருடத்துக்கு ஒரு முறை ஒருவர் வந்து நோட்டில் உள்ளது அறையில் இருக்கிறதா என்று சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவார். இருக்கிறதா என்பதுதான் அந்த நோட்டின் கேள்வி. ஓடுகிறதா என்று அது கேட்காது. பெல்ட் அறுந்து, எலி கூடு கட்டி, மூலையில் கிடந்தாலும் இருப்பு ஒன்று என்பது சரியாகவே இருக்கும். அதற்குப் பேர் வைத்தவர் தெரிந்துதான் வைத்திருக்கிறார் போல.

இந்த இடைவெளியை நிரப்பத்தான் பராமரிப்பு மென்பொருள் என்று ஒரு வகை இருக்கிறது. தொழிற்சாலைகளில் பல வருடங்களாகப் புழங்குவது. செய்வது சாதாரண வேலைதான். ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு எண் கொடுக்கும். எப்போது வாங்கியது, எத்தனை மணி நேரம் ஓடியது, எந்தப் பாகம் எப்போது மாற்றியது என்று குறித்துக்கொள்ளும். அடுத்த சர்வீஸ் எப்போது என்று முன்கூட்டியே சொல்லும். எந்த ஸ்பேர் கையிருப்பில் இருக்கிறது, எது தீர்ந்துவிட்டது என்று காட்டும். பழுது என்று ஒருவர் பதிந்தால் அதை யார், எப்போது சரிசெய்தார் என்பது வரை பின்தொடரும். வெளிநாட்டுப் பெரிய பால் பண்ணைகளில் இது கறவை மெஷினோடு கூடவே வந்துவிடுகிறது. இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. மும்பையில் உருவான 'இஆர்பி நெக்ஸ்ட்' என்ற கட்டற்ற மென்பொருளில் சொத்துப் பராமரிப்புக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. விவசாயத்துக்கென்றே எழுதப்பட்ட 'ஃபார்ம் ஓஎஸ்' மென்பொருளில் கருவிகளையும் அவற்றின் பராமரிப்பையும் பதியலாம். ஆக மென்பொருள் இல்லை என்பது பிரச்சினை இல்லை.

சரி, இதற்கும் ஜவ்வாது மலைக்கும் என்ன சம்பந்தம்? அங்கே ஐநூறு மாடு வைத்த பண்ணையா இருக்கிறது? இல்லைதான். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். ஒரு வீட்டில் இரண்டு மாடு, நாலைந்து ஆடு, கொஞ்சம் கோழி, சாமை விளையும் கொல்லை. மாடுகள் பெரும்பாலும் மேய்ச்சலில் வளர்கின்றன. மெஷின் என்று பார்த்தால் ஊருக்கு ஒன்றோ இரண்டோ இருந்தால் அதிகம்.

அதனால் மென்பொருள் எல்லாம் கீழே சமவெளிக்குத்தான், மலைக்கு நோட்டே போதும் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். உண்மையில் இது தலைகீழ். சமவெளியில் மெஷின் நின்றால் பக்கத்துத் தெருவில் மெக்கானிக், பக்கத்து ஊரில் ஸ்பேர் கடை. மலையில் அப்படி இல்லை. போளூரிலிருந்தோ, செங்கத்திலிருந்தோ, ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கமிருந்தோ ஆள் ஏறி வரவேண்டும். வந்து பார்த்து, "இந்த பேரிங் என்கிட்ட இல்லை" என்று இறங்கிப் போய், வாங்கிக்கொண்டு மறுபடி ஏற வேண்டும். நூறு ரூபாய் பொருளுக்கு இரண்டு நாள் கூலியும் பெட்ரோலும். சின்ன ரிப்பேர் என்றால் எந்த மெக்கானிக்குக்கும் வர மனசு வராது, அவரையும் குறை சொல்ல முடியாது. ஊருக்கே ஒரு மெஷின் என்கிறபோது அது நின்றால் மாற்றும் கிடையாது.

அப்புறம் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

"ஏன்க்கா, குழு மெஷின் ஓடலையா?"

"அது பெல்ட் போச்சு தம்பி, ஆடி மாசத்துலயே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"யார்கிட்ட சொல்றது?"

எந்த ஊரில் வேண்டுமானாலும் கேட்கக்கூடிய உரையாடல்தான் இது. கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாததால் அக்கா மறுபடி அரிவாளை எடுத்துக்கொண்டு உட்காருகிறார். மெஷின் மிச்சப்படுத்திக் கொடுத்த ஒரு மணி நேரம் திரும்பப் பிடுங்கப்படுகிறது. புல் நறுக்குவது, தண்ணீர் சுமப்பது, கொட்டகை கூட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும் வேலை என்பதால், அந்த ஒரு மணி நேரத்தின் கணக்கு எந்த ரெஜிஸ்டரிலும் வருவதில்லை.

இந்த இடத்தில் மென்பொருள் என்ன கிழித்துவிடும்? ஒரே ஒரு ஊரை மட்டும் பார்த்தால் ஒன்றும் கிழிக்காது, ஒத்துக்கொள்ள வேண்டும். பெல்ட் அறுந்தது என்று நோட்டில் எழுதினாலும் போனில் எழுதினாலும் பெல்ட் வரப்போவதில்லை. ஆனால் இருபது ஊர் மெஷின்களையும் ஒரே பட்டியலில் போட்டுப் பாருங்கள். ஒரே திட்டத்தில், ஒரே சமயத்தில் கொடுக்கப்பட்ட மெஷின்கள் பெரும்பாலும் ஒரே மாடலாகத்தான் இருக்கும். இருபதில் பதினைந்து மெஷினுக்கு ஒரே அளவு பெல்ட், ஒரே நம்பர் பேரிங், ஒரே மாதிரி கத்தி என்று தெரிந்துவிட்டால், ஜமுனாமரத்தூரில் ஒரு அலமாரியில் ஐந்து பெல்ட், நாலு பேரிங், இரண்டு செட் கத்தி வாங்கி வைத்தால் போதும். மெக்கானிக் மேலே வரும் நாளில் எந்தெந்த ஊரில் எது நிற்கிறது என்ற பட்டியல் அவர் கையில் இருந்தால், ஒரு ஊருக்கு வரத் தயங்குபவர் ஆறு ஊருக்கு வருவார். ஆறு வேலைக்கான கூலி கிடைக்குமே!

அந்த அலமாரியும் இந்தப் பயணப் பட்டியலும்தான் மென்பொருளின் பயன். திரையில் ஓடும் கலர் கலரான வரைபடங்கள் எல்லாம் அலங்காரம். தனித்தனி நோட்டால் இதைச் செய்ய முடியாது. நோட்டு ஒரு வீட்டுப் பரணில் இருக்கும், பக்கத்து ஊர் நோட்டோடு அது பேசாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மலை ஒன்று, மாவட்டம் மூன்று. ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம். புதூர்நாடு, காவலூர் எல்லாம் முன்பு வேலூரில் இருந்து, 2019-இல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போய்விட்டன. மலையின் இன்னொரு பக்கம் வேலூரிலேயே இருக்கிறது. மூன்று மாவட்டத்துக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனி ரெஜிஸ்டர். ஒரு ஊரில் தேடும் பேரிங் பக்கத்து மலைச்சரிவில் உபரியாகக் கிடந்தாலும் ஒரு அலுவலகத்துக்கு இன்னொன்றின் இருப்பு தெரியாது. மாட்டின் எண் இந்தியா முழுக்க ஒரே வரிசையில் இருக்கும்போது மெஷின் எண் மட்டும் மாவட்ட எல்லையில் நின்றுவிடக் கூடாது.

புல் வெட்டும் மெஷினை விட ஆபத்தான உதாரணம் ஒன்று இருக்கிறது. அது நைட்ரஜன் கேன்.

சினை ஊசிக்குப் பயன்படும் உறைவிந்துக் குச்சிகள் மைனஸ் 196 டிகிரி குளிரில், திரவ நைட்ரஜனுக்குள் இருக்க வேண்டும். அதை வைத்திருக்கும் கேன் பார்ப்பதற்குப் பால் கேன் மாதிரி இருந்தாலும், உள்ளே இரட்டைச் சுவர். இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம், நம் வீட்டு பிளாஸ்க் மாதிரியேதான். மூடியே வைத்திருந்தாலும் நைட்ரஜன் தினமும் கொஞ்சம் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதனால் அவ்வப்போது ஊற்றி நிரப்ப வேண்டும். வெற்றிடம் கெட்டுப்போனால் கேன் வெளிப்புறம் வியர்க்கும், உறைபனி படியும், நைட்ரஜன் மளமளவென்று காலியாகும். மலைப்பாதையில் வண்டியில் குலுங்கி, இடித்து, சாய்ந்து போகும் கேனுக்கு இது எப்போது வேண்டுமானாலும் நடக்கலாம்.

இதில் கொடுமை என்னவென்றால், குச்சி கெட்டுப்போனதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. பால் கெட்டால் நாறும். மோட்டார் கெட்டால் நிற்கும். நைட்ரஜன் குறைந்து சூடேறிய குச்சியில் மறுபடி நைட்ரஜன் ஊற்றினால் மறுபடி உறைந்துவிடும், பார்க்க அப்படியே இருக்கும். உள்ளே உயிரணுக்கள் செத்திருக்கும். ஊசி போடுவார்கள். 21 நாள் கழித்து மாடு மறுபடி கத்தும். இன்னொரு ஊசி. இன்னொரு 21 நாள். மூன்று முறை இப்படிப் போனால் மாட்டுக்குத்தான் கோளாறு என்று முடிவு கட்டி, வந்த விலைக்கு வியாபாரியிடம் தள்ளிவிடுவார்கள். ஊசி போட்டவருக்குக் கெட்ட பெயர், மாட்டுக்கு மலட்டுப் பட்டம். கேன் பாட்டுக்கு மூலையில் நிற்கும்!

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சென்சார் எதுவும் தேவையில்லை. அளவுகோலை உள்ளே விட்டு எடுத்தால் நைட்ரஜன் இருந்த உயரம் வரை வெள்ளையாகப் பனி படியும். அந்த சென்டிமீட்டரையும் தேதியையும் வாரம் இரண்டு முறை பதிந்தால் போதும். வாரத்துக்கு இவ்வளவுதான் குறையும் என்று இருந்த கேன் திடீரென்று இரட்டிப்பாகக் குறைய ஆரம்பித்தால், இரண்டே வாரத்தில் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். சினை ஊசி போடும்போது மாட்டின் எண், காளையின் எண் எல்லாம் கணினியில் ஏறுகிறது. அதோடு கேனுக்கும் ஒரு எண் கொடுத்துச் சேர்த்துவிட்டால், 'இந்தக் கேனிலிருந்து போட்ட ஊசி எதுவும் பிடிக்கவில்லை' என்று மென்பொருளே கைகாட்டும். எத்தனையோ மாடு அடிமாட்டு விலைக்குப் போகாமல் தப்பும்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். பெரிய பண்ணைக்கு எழுதிய மென்பொருளை அப்படியே தூக்கிக்கொண்டு மலையேறினால் தப்புக் கணக்குதான் வரும். பால் கறக்கும் மெஷினில் மடிக்காம்பைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் லைனர் இருக்கிறது. 2500 கறவைக்கு ஒரு முறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றவேண்டும் என்பது பொதுவான வழக்கம். பத்து மாடு, ஒரே மெஷின், தினம் இரண்டு வேளை என்றால் நாளைக்கு 20 கறவை. 125 நாளில் 2500 முடிந்துவிடும். இரண்டு மாடு வைத்திருக்கும் வீட்டுக்கு நாளைக்கு 4 கறவை. 2500 வர 625 நாள் ஆகும்! கறவை எண்ணிக்கையை மட்டும் வைத்து நினைவூட்டும் மென்பொருள் ஒன்றேமுக்கால் வருடம் வாயைத் திறக்காது. ரப்பர் அதற்குள் இறுகி வெடித்திருக்கும். வெடிப்பில் கிருமி தங்கும். மடிநோய் வரும். இரண்டு மாட்டில் ஒன்றுக்கு மடிநோய் வந்தால் அந்த வீட்டின் பால் வருமானத்தில் பாதி போயிற்று. சின்னப் பண்ணைக்கு நாட்காட்டி முக்கியம், பெரிய பண்ணைக்கு எண்ணிக்கை முக்கியம்.

அதேபோல் அடிக்கடி கழற்றிப் பார்ப்பதுதான் நல்ல பராமரிப்பு என்பதும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் விமானப்படையின் கடலோரப் பிரிவில் லிபரேட்டர் ரக விமானங்களின் பழுதுகளை வாடிங்டன் என்பவர் ஆராய்ந்தார். அவர் உயிரியலாளர், இன்ஜினியர் கூட இல்லை. 50 மணி நேரம் பறந்தால் ஒரு பரிசோதனை என்று விதி. பரிசோதனை முடிந்த கையோடு பழுது குறைய வேண்டும் அல்லவா? அப்போதுதான் அதிகமாக இருந்தது. பிறகு நாளாக ஆகத்தான் குறைந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைக் கழற்றி மாட்டியதே பழுதைக் கொண்டுவந்திருக்கிறது. இடைவெளியை நீட்டச் சொன்னார், விமானங்கள் கூடுதல் நேரம் பறந்தன. 'சர்வீஸ் தேதி வந்துவிட்டது' என்று மென்பொருள் கத்துவதாலேயே ஸ்பானரைத் தூக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது கஷ்டம். கிரீஸ் வைப்பது, ஃபில்டர் துடைப்பது, கத்தி தீட்டுவது மாதிரி வேலைகளுக்கு நினைவூட்டல் சரி. மோட்டாரைப் பிரிப்பதற்கு முன்னால் அதன் பழைய கதையைப் பார்க்க வேண்டும். அந்தக் கதையை வைத்திருப்பதும் மென்பொருள்தான், யாராவது உண்மையைப் பதிந்திருந்தால்.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று கேட்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கலாம். 2023 ஏப்ரல் 10-ஆம் தேதி டெக்சாஸ் மாநிலம் டிம்மிட் ஊருக்குப் பக்கத்தில் சவுத் ஃபோர்க் பால் பண்ணையில் தீப்பிடித்தது. சுமார் 18,000 மாடுகள் செத்தன. கொட்டகைக்குள் சாணம் உறிஞ்சும் வண்டியின் இன்ஜினில் ஏற்பட்ட கோளாறிலிருந்து தீ கிளம்பியது, விபத்துதான் என்று மாநிலத் தீயணைப்பு விசாரணை சொன்னது. கணினிக்கும் காசுக்கும் அந்த நாட்டில் பஞ்சமில்லை. இருந்தும் ஒரு வண்டி இன்ஜின் போதுமானதாக இருந்திருக்கிறது. ஜவ்வாது மலையில் கொட்டகை கூரைக்கும் சுவிட்ச் போர்டுக்கும் நடுவே தொங்கும் ஒட்டுப்போட்ட ஒயரைப் பற்றி எந்தப் படிவமும் கேட்பதில்லை. மழைக்காலத்தில் ஒழுகும் கூரை, ஈரத் தரை, தளர்ந்த ஒயர்! மெஷினோடு கட்டிடத்தையும் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பதற்கு இது ஒன்றே போதும். பரண் மேல் ஆடு வளர்ப்பவர்களுக்கு அந்தப் பலகைகளே மெஷின் மாதிரி. இடைவெளி பெரிதானால் குட்டியின் கால் மாட்டும், சின்னதானால் புழுக்கை கீழே விழாமல் அடைத்துக்கொள்ளும்.

மலையில் இதெல்லாம் நடக்காது, கரண்ட் ஒழுங்காக இருக்காது, ரோடு சரியில்லை, ஆள் கிடைக்காது என்று சொல்பவர்களுக்கு அதே மலையிலேயே பதில் இருக்கிறது. காவலூர் வைணு பாப்பு வானாய்வகம். 1972-இல் ஒரு மீட்டர் தொலைநோக்கி, 1986-இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்த 2.3 மீட்டர் தொலைநோக்கி. இந்தத் தொலைநோக்கிகளின் கண்ணாடியில் பூசியிருக்கும் அலுமினியப் பூச்சு நாளடைவில் மங்கும். மறுபடி பூச வேண்டும். அதற்கான பெரிய வெற்றிடக் கலத்தை அங்கேயே, தொலைநோக்கிக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்கள். மெஷின் மேலே வரும்போதே அதைப் பராமரிக்கும் வசதியும் மேலே வந்துவிட்டது. அதே மழை, அதே மலைப்பாதைதான். நட்சத்திரம் பார்க்கும் கண்ணாடிக்குக் கிடைத்த மரியாதை புல் நறுக்கும் கத்திக்கும் கொஞ்சம் கிடைக்கலாம். (காவலூர் அளவுக்கு வேண்டாம், ஒரு சாணைக்கல் போதும்.)

கால்நடைத் திட்டங்களில் இந்த யோசனை குறைவு. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா கறவை மாடு, வெள்ளாடு திட்டத்தில் ஐந்து வருடத்துக்கு 60,000 குடும்பத்துக்கு மாடு, 7 லட்சம் குடும்பத்துக்கு நாலு நாலு ஆடு என்று இலக்கு வைத்தார்கள். எத்தனை கொடுத்தோம் என்று எண்ணுவது சுலபம், மேடையிலும் அதைச் சொல்லலாம். மானியத்தில் கொடுக்கப்படும் மெஷின்களுக்கும் இதே பழக்கம்தான் தொடர்கிறது. பயனாளி எண்ணிக்கை உண்டு, போட்டோ உண்டு, மூன்றாவது வருடத்தில் எத்தனை ஓடுகிறது என்ற எண்ணிக்கையை யாரும் கேட்பதில்லை. கேட்டிருந்தால் அடுத்த தவணையில் பத்து மெஷினுக்குப் பதில் எட்டு மெஷினும், மிச்சக் காசுக்கு ஸ்பேரும் வாங்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கும்.

மென்பொருள் வந்துவிட்டால் மட்டும் உண்மை வந்துவிடுமா என்றால், அதுவும் சந்தேகம்தான். 'மெஷின் ஓடவில்லை' என்று ஒருவர் பதிகிறார். அடுத்த வாரம் பெல்ட் வந்தால் அவர் மறுபடியும் பதிவார். பெல்ட்டுக்குப் பதில், "ஏன் ஓடலை? யார் பொறுப்பு? எழுதிக் கொடு" என்று ஒரு விசாரணை வந்தால், அதற்குப் பிறகு மலையில் உள்ள எல்லா மெஷினும் கணினியில் அற்புதமாக ஓடும். அடுத்த பத்து வருடத்துக்கு ஒரு பழுது கூட இருக்காது! அதனால் பழுதைச் சொன்னவருக்கு முதலில் பொருள் போய்ச் சேர வேண்டும், அறிக்கை அப்புறம். பதிவு யாருக்காக என்பதில் கோளாறு இருந்தால் எவ்வளவு நல்ல மென்பொருளும் இன்னொரு டெட் ஸ்டாக் ரெஜிஸ்டர்தான்.

சிக்னல் விஷயம் தனி. ஜமுனாமரத்தூர் கடைவீதியில் போன் வேலை செய்யும், நாலு கிலோமீட்டர் உள்ளே போனால் செய்யாமல் போகலாம். ஆகவே எப்போதும் இணையம் கேட்கும் மென்பொருள் இங்கே உதவாது. 'ஓடிகே' என்று ஒரு கட்டற்ற மென்பொருள் 2008 வாக்கில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. சாதாரண ஆண்ட்ராய்டு போனில் சிக்னல் இல்லாத இடத்தில் படிவத்தை நிரப்பி வைத்துக்கொண்டு, சிக்னல் வந்ததும் அனுப்பலாம். பொது சுகாதார வேலைகளுக்கு உலகம் முழுக்கப் பயன்படுவது. தமிழிலேயே கேள்விகளை வைக்கலாம், மெஷினைப் போட்டோ எடுத்தும் சேர்க்கலாம். எழுதப் படிக்கக் கஷ்டப்படுபவர்கள் அறுந்த பெல்ட்டைப் போட்டோ எடுத்தால் போதும், மெக்கானிக்குக்கு அதுவே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கம்பெனிகள் இலவசமாகக் கொடுக்கும் ஆப்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதை தேவை. அமெரிக்காவில் டிராக்டர் கம்பெனியான ஜான் டீர் மேல் 2025 ஜனவரியில் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. ரிப்பேருக்குத் தேவையான முழு மென்பொருளையும் தன் டீலர்களுக்கு மட்டும் கொடுத்து, விவசாயியும் வெளி மெக்கானிக்கும் கை வைக்க முடியாமல் செய்கிறது என்பது குற்றச்சாட்டு. கறவை மெஷினும் குளிர்விப்பானும் நாளைக்கு அதே வழியில் போகாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. மலைக்கு வரும் ஒரே டீலர் மாதத்துக்கு ஒரு முறை வந்தால் அதுவரை மாடு காத்திருக்குமா? போளூர் மெக்கானிக் திறந்து பார்க்க முடியாத மெஷினை மானியத்தில் வாங்கிக் கொடுப்பதே தப்பு என்று ஒரு விதி வைக்கலாம்.

யார் இதை நடத்துவது? ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ஆப் என்பது அபத்தம். கால்நடைத் துறை அலுவலகமே நடத்தினால் மாவட்ட எல்லைப் பிரச்சினை வரும், ஆள் மாறினால் எல்லாம் மாறும். மகளிர் குழுக் கூட்டமைப்போ பால் சங்கமோ நடத்தினால் பிழைக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் மெஷின் நின்றால் நஷ்டம் அவர்களுக்குத்தான். மேலே பத்தாவதோ பன்னிரண்டாவதோ முடித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபது ஊருக்கு ஒருவர், மாதம் ஒரு சுற்று. மெஷினைத் தட்டிப் பார்ப்பது, கிரீஸ் வைப்பது, கேனின் அளவு எடுப்பது, போனில் பதிவது. அவருக்கு பேரிங் மாற்றவும் சொல்லிக் கொடுத்துவிட்டால் பாதிப் பழுதுக்கு மெக்கானிக்கே வரவேண்டாம்.

காசு? மெஷின் வாங்கும்போதே அதன் விலையில் ஒரு சிறு பங்கை ஸ்பேருக்கென்று அந்தச் சங்கத்தின் கணக்கில் போட்டுவிட வேண்டும். குழு மெஷினுக்குப் புல் நறுக்க வருபவர்களிடம் கட்டுக்கு இவ்வளவு என்று வாங்குகிற காசிலும் கொஞ்சம் அதில் சேரலாம். பட்டியலில் மெஷின் எண்ணுக்கு நேராக அந்த மிச்சத் தொகையும் தெரிய வேண்டும், குழுவில் உள்ள எல்லோருடைய போனிலும். ஐப்பசி மழைக்கு முன்னால் ஜெனரேட்டருக்கு ஆயில் மாற்ற வேண்டும் என்று புரட்டாசியிலேயே போன் சொல்லும்போது, அந்த ஆயில் வாங்க எவ்வளவு இருக்கிறது என்பதும் அதே வரியில் இருந்தால்தான் யாராவது போளூருக்கு பஸ் ஏறுவார்கள்.